துணிக் கிளிப்பில் ஒரு கும்மிக் கூட்டம்

துணி காயப் போடுகிற மரக் கிளிப் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் கம்பிச் சுருள் வைத்த சாதாரணக் கிளிப்தான். இரண்டு பாதியையும் எதிரெதிர்ப் பக்கமாகத் திருகினால் கம்பி நழுவிக் கழன்றுவிடும். கம்பி சில சமயம் துள்ளும், அதனால் ஒரு துணிக்குள் வைத்துத் திருகுவது நல்லது.

இப்போது ஒரு பாதியை மட்டும் உற்றுப் பாருங்கள். துணியைக் கவ்வுகிற வாய்ப்பக்கம் தட்டையாக, ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு இருக்கும். அதற்குக் கீழே கொடிக்கயிறு உட்காருவதற்குச் சின்னதாக ஓர் அரைவட்டக் குழிவு. இன்னும் கீழே, கம்பிச் சுருள் இருந்த இடத்தில் அதைவிடப் பெரிய குழிவு. அப்புறம் நாம் விரலால் அமுக்குகிற நீளமான வால், நுனிக்குப் போகப்போக மெலிந்துகொண்டே போகும். வாய் மேலே இருக்கும்படி நிறுத்திப் பாருங்கள். முகம், கழுத்து, இடுப்பு, கால் எல்லாம் அதிலேயே இருக்கிறது. செதுக்க வேண்டியது எதுவும் இல்லை.

எங்கள் வீட்டில் துண்டுத் துணிக்குப் பஞ்சமே இருந்ததில்லை. திருப்பூர்ப் பக்கம் குடியிருக்கிற யாருக்கும் இருக்காது. அந்தத் துணியை வைத்துப் பொம்மை செய்யத் தொடங்கியபோது நான் தலைக்கு மர மணி ஒட்டினேன், கைக்குக் குச்சி ஒட்டினேன், கழுத்துக்குப் பஞ்சு சுற்றினேன். எல்லாமே ஒரு வாரத்தில் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. கிளிப்பின் இரண்டு பாதிகளையும் முதுகோடு முதுகாக ஒட்டிப் பார்த்த அன்றுதான் விஷயம் பிடிபட்டது. கிளிப்பின் போக்கிலேயே நாமும் போனால் பாதிப் பொம்மை அங்கேயே முடிந்துவிடுகிறது. மீதிப் பாதி துணியின் கையில் இருக்கிறது. அந்த இரண்டையும்தான் இங்கே சொல்லப் போகிறேன். கை பழகிய பிறகு எட்டுப் பெண்கள் சேர்ந்த வள்ளிக் கும்மி வட்டம் ஒன்றைச் செய்து, நவராத்திரிக் கொலுவில் வைக்கலாம்.

எந்தக் கிளிப் வாங்குவது

ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் நீளமுள்ள மரக் கிளிப்தான் நமக்குத் தோது. பாத்திரக் கடையிலும் ஃபேன்சி ஸ்டோரிலும் கேட்டால் கிடைக்கும். ஸ்டேஷனரிக் கடையில் போட்டோ மாட்டுவதற்காக விற்கிற குட்டிக் கிளிப்பைத் தொடக்கத்திலேயே வாங்க வேண்டாம். அதில் முகம் ஒரு நெல் அளவுக்குத்தான் வரும், பழகாத கைக்கு அது சிரமம். பாக்கெட்டைத் திறந்ததும் ஒவ்வொரு கிளிப்பையும் பார்த்துப் பிரித்து வையுங்கள். சிலும்பு உள்ளது, வாய் கோணலானது, கணு விழுந்தது இதெல்லாம் துணி காயப் போடுவதற்கே இருக்கட்டும்.

இன்னொரு வகையும் உண்டு. ஒரே கட்டையில் கடைந்து, தலையை உருண்டையாக விட்டு, கீழே இரண்டு காலாகப் பிளந்தது. கம்பியே கிடையாது. கம்பிச் சுருள் வைத்த இரண்டு துண்டுக் கிளிப்புக்கு அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த டேவிட் ஸ்மித் 1853இல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் மேலை நாடுகளில் துணிக்கு மாட்டியது பெரும்பாலும் இந்தப் பிளந்த குச்சி வகைதான். உருண்டைத் தலையும் இரண்டு காலுமாக அதைப் பார்த்த பிள்ளைகள் கண்ணும் வாயும் வரைந்து பொம்மையாக்கிக்கொண்டார்கள். இங்கிலாந்தில் அந்தக் கிளிப்புக்கே டாலி பெக் என்று பெயர். நம் பக்கத்துக் கடைகளில் நான் அதைப் பார்த்ததில்லை, ஆன்லைனில் வரவழைக்கலாம். கிடைத்தால் சந்தோஷம்தான், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கம்பிக் கிளிப்பில் இடுப்பு இருக்கிறது, டாலி பெக்கில் இல்லை. புடவை கட்டப் போகிற நமக்கு இடுப்புதானே முக்கியம்?

மற்ற சாமான்கள்

ஃபெவிகால், 220 நம்பர் உப்புத்தாள், அக்ரிலிக் பெயின்ட் நாலைந்து நிறம், 0 நம்பர் தூரிகை ஒன்று, கறுப்பு எம்பிராய்டரி நூல், நல்ல கூர்மையான கத்தரிக்கோல், நுனி மெலிந்த ட்வீசர். பெயின்டில் புள்ளி வைப்பதற்குச் சீமாத்துக் குச்சி. தென்னை ஈர்க்கின் நுனியை வெட்டினால் கிடைக்கிற வட்டம் போல எந்தத் தூரிகையும் தராது.

கைக்குக் கம்பி வேண்டும். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. எரிந்துபோன மோட்டாரிலிருந்து பிரித்த செம்புக் கம்பி அங்கே மூலையில் கிடக்கும். 22 அல்லது 24 கேஜ் கம்பியாக ஒரு மீட்டர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செம்பு மெதுவானது. வளைத்த இடத்தில் அப்படியே நிற்கும், நாலைந்து தடவை வளைத்து நிமிர்த்தினாலும் ஒடியாது. கட்டுக்கம்பி வேண்டாம், அது துருப்பிடித்துத் துணியில் கறை விடும்.

நிற்பதற்கு சோடா பாட்டில் மூடியும் எம்-சீலும் போதும்.

சீக்கிரம் ஒட்டும் என்று ஃபெவிக்விக்கை எடுக்காதீர்கள். அந்த வகைப் பசை பருத்தியில் பட்டால் சட்டென்று சூடேறும். புகைகூட வரும், விரலைச் சுட்டுவிடும். பருத்தித் துணியை வைத்தே முழுப் பொம்மையையும் செய்யப் போகிறோம். பிள்ளைகளும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். மேஜைப் பக்கமே அது வர வேண்டாம்.

முதல் நாள்: கட்டை

இரண்டு பாதிகளின் முதுகையும் உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுங்கள். முதுகு என்று நான் சொல்வது கிளிப் மூடியிருக்கும்போது வெளியே தெரிகிற தட்டைப் பக்கம். அதில் குறுக்கே ஒரு கோடு மாதிரிப் பள்ளம் ஓடுவதைப் பார்ப்பீர்கள், கம்பியின் கை பதிந்து உட்காருகிற இடம் அது. முதுகோடு முதுகு சேர்த்தால் இந்த இரண்டு பள்ளமும் நேருக்கு நேர் வந்து, பக்கத்துக்குப் பக்கம் போகிற சின்னத் துளையாகிவிடும். கழுத்துக் குழிவை ஒட்டி அந்தத் துளை வரும். தோள் அதுதான். கம்பியை அதில் கோத்தால் இரண்டு கையும் ஒரே கம்பியில், கழன்று விழவே முடியாதபடி நின்றுவிடும். சில கிளிப்பில் பள்ளம் ஆழமில்லாமல் இருக்கும். அப்போது அரத்தின் ஓரத்தால் லேசாக உரசிக்கொள்ளுங்கள்.

10 சென்டிமீட்டர் கம்பி வெட்டுங்கள். ஒரு பாதியின் முதுகில் ஃபெவிகாலை மெல்லிசாகத் தடவி, பள்ளத்தில் கம்பியை வைத்து, இரண்டு பக்கமும் சரிசமமாக நீட்டி நிற்கிறதா என்று பார்த்து, மற்ற பாதியை மேலே வைத்து அழுத்துங்கள். வாய் நுனி இரண்டும் மட்டமாக இருக்க வேண்டும். தலையும் கால் முனையுமாக இரண்டு இடத்தில் வேறு கிளிப் போட்டுக் கவ்வ விடுங்கள். பிதுங்கி வருகிற பசையை ஈரத்துணியால் அப்போதே துடைத்துவிட வேண்டும். மொத்தையாகக் காய்ந்த பசையின் மேல் பெயின்ட் சரியாகப் பிடிக்காது, முகத்தில் திட்டு தெரியும். அரை மணி நேரத்தில் கிளிப்பை எடுத்துவிடலாம், ஆனாலும் ஒரு ராத்திரி சும்மா விடுவதுதான் நல்லது. ஐப்பசி மழையில் ஒரு பகலும் சேர்த்து விடுங்கள்.

மறுநாள் உப்புத்தாளை மடித்துத் தலையின் நாலு மூலையையும் உருட்டுங்கள். மரத்தின் ரேகை மேலும் கீழுமாகத்தான் ஓடும், அந்தப் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் விழுகிற கீறல் முகத்தில் சுருக்கம் மாதிரி தெரியும். வாயின் உள்பக்கத்தில் பல் வெட்டியிருந்தால் அதையும் தேய்த்து மட்டமாக்குங்கள். அதுதான் நெற்றியும் கன்னமும்.

கம்பியின் இரண்டு நுனியையும் 1.5 சென்டிமீட்டர் மடித்து முறுக்கினால் கை 3 சென்டிமீட்டருக்கு நிற்கும். பொம்மையின் உயரத்துக்கு அது சரியான அளவு. மடிப்பின் முனையில் வருகிற சின்ன வளையம் உள்ளங்கை. தோளிலிருந்து தொடங்கித் தவிட்டு நிற நூலை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே போய் முனையில் ஒரு துளிப் பசை வைத்து நிறுத்துங்கள்.

முகம்

நிறம் பூசும் முன்பு ஒன்று செய்ய வேண்டும். எதுவும் பூசாத வெறும் மரத்தில் நேராகப் பேனாவை வைத்தால் மை ரேகை வழியே ஓடிவிடும். கண் வரைந்த இடத்திலிருந்து கன்னம் வரைக்கும் கோடு கோடாக இறங்கும். என் முதல் ஆறு பொம்மையின் முகமும் அப்படித்தான் கெட்டது. ஒரு பங்கு ஃபெவிகாலை இரண்டு பங்கு தண்ணீரில் கரைத்து ஒரு கை பூசிக் காய விடுங்கள். ரேகை அடைபட்டுவிடும்.

முக நிறத்துக்கு பர்ன்ட் சியன்னாவையும் யெல்லோ ஆக்கரையும் சம அளவு கலந்து, தேவைக்கு வெள்ளை சேருங்கள். கடையில் சருமம் என்று போட்டு விற்கிற இளஞ்சிவப்பு பெயின்டை வாங்காதீர்கள். வயலில் நிற்கிற நம் பெண்களின் முகத்துக்கும் அதற்கும் ஒட்டே இல்லை. எட்டுப் பொம்மை செய்தால் எட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமாகக் கலந்துகொள்ளுங்கள். ஒரு ஊரில் எல்லாரும் ஒரே நிறமாகவா இருக்கிறோம்? ஈரோட்டு மஞ்சளை அரைத்துப் பூசலாமே என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். பூசிய அன்று ஜோராகத்தான் இருக்கும். ஆனால் மஞ்சளின் நிறம் வெளிச்சத்துக்குத் தாங்காது, சன்னலோரம் வைத்தால் கொஞ்ச நாளிலேயே வெளுத்துவிடும்.

முகம் ஒரு சென்டிமீட்டர் அகலம், ஒன்றரை உயரம்தான். முதலில் காகிதத்தில் அதே அளவில் பத்துக் கட்டம் போட்டு வரைந்து பழகுங்கள். புதியவர்கள் எல்லாருமே கண்ணை மேலே ஏற்றிவிடுவார்கள். கண் முகத்தின் நடுப் பாதியில் வர வேண்டும். மேல் பாதியில் முடியும் நெற்றியும் போய்விடும் என்பதை மனதில் வையுங்கள். சீமாத்துக் குச்சியைக் கறுப்புப் பெயின்டில் தொட்டு, காகிதத்தில் ஒரு தரம் ஒற்றிவிட்டு, அப்புறம் முகத்தில் இரண்டு புள்ளி. மூக்கு வரைய வேண்டாம், மூக்குத்தி இடத்தில் பொன் நிறப் பொட்டு ஒன்று வைத்தாலே மூக்கு வந்துவிடும். வாய் சின்னக் கோடு. நெற்றிப் பொட்டு எல்லாவற்றுக்கும் கடைசி. இதற்கு மேல் இமை, புருவம் என்று சேர்க்கச் சேர்க்க முகம் கடுகடுவென்று ஆகும். வரைந்து முடித்துக் கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பாருங்கள். பார்க்கிற தூரம் அதுதான்.

துணி தேர்வு

இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

5 அடிக்குக் கொஞ்சம் மேலே, 155 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்ணை 7 சென்டிமீட்டர் பொம்மையாக்கினால் எல்லாமே ஏறக்குறைய 22இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஐந்தரை மீட்டர் புடவை 25 சென்டிமீட்டர் ஆகும். ஆனால் நூலின் கனம் சுருங்காது. பொம்மைக்கு நாம் உடுத்துகிற மெல்லிய காட்டன், அவளைப் பொறுத்தவரை போர்வை. இது புரிந்துவிட்டால் எந்தத் துணி ஆகும், எது ஆகாது என்பது தானாகவே தெரியும். சென்னிமலை பெட்ஷீட், கரூர்த் திரைச்சீலை, பவானி ஜமக்காளம் எல்லாம் நம் பக்கத்துப் பெருமைதான், ஆனால் பொம்மை இடுப்பில் சுற்றினால் அவள் பீப்பாய் மாதிரி நிற்பாள்.

பனியன் துணி பின்னல் துணி. வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாது, இழுத்தால் இழுபடும். அதனால் ரவிக்கைக்கும், ஆண் பொம்மையின் தலைப்பாகையான உருமாலைக்கும் அதைப்போல எதுவும் இல்லை. கட்டிங் வேஸ்ட் கிலோ கணக்கில் விற்பார்கள், பக்கத்தில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் ஒரு கைப்பிடி போதும். ஆனால் அதில் கொசுவம் நிற்காது. மடித்தால் உருண்டுகொள்ளும். புடவைக்கு நெய்த துணிதான் வேண்டும்.

நெய்த துணியில் பல தடவை துவைத்து நைந்துபோன பழைய காட்டன் புடவைதான் முதல் தரம். புதுத் துணியைவிடப் பழசு நல்லது, கஞ்சியெல்லாம் போய் நூல் இளகியிருக்கும். என் அம்மாயியின் (அம்மாவின் அம்மா) சுங்குடிப் புடவை ஒன்று கிழிந்துபோனதை நான் இன்னும் கைக்குட்டை அளவுக்கு வைத்திருக்கிறேன், நல்ல பொம்மைக்கு மட்டும் அதிலிருந்து வெட்டுவேன். சிறுமுகைப் பக்கத்து மென்பட்டில் துண்டு கிடைத்தால் விடாதீர்கள். கோவை கோரா காட்டன் பட்டு நூலும் பருத்தியும் கலந்து நெய்வது, இயல்பிலேயே விறைப்பு உண்டு, மடித்த மடிப்பு நிற்கும். ரவிக்கைக்கு உள்துணியாகத் தைக்கிற மல் துணியும் பரவாயில்லை.

கட்டங்கட்டமான புடவையா, பூப்போட்டதா என்று பார்க்கும்போதும் அதே 22இல் ஒரு பங்குக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நமக்கு விரல் நகம் அளவுள்ள பூ அவளுக்கு முறம் அளவு. ஒற்றை நிறமோ, கடுகு அளவுப் புள்ளியோ, மெல்லிய கோடோதான் பொருந்தும். கரையும் அப்படியே. உண்மையான புடவைக் கரையை அப்படியே வைத்தால் இடுப்பிலிருந்து பாதம் வரை கரைதான் இருக்கும். சரிகை நூலில் ஒரே இழையை எடுத்து, ஓரத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் மேலே பசையால் ஒட்டினால் அழகான கரை கிடைத்துவிடும்.

புடவை கட்டுவது

20 சென்டிமீட்டர் நீளம், 4.5 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டுங்கள். கணக்குப்படி இன்னும் நீளம் வர வேண்டும்தான், நான் வேண்டுமென்றே குறைக்கிறேன். நாம் ஆறேழு கொசுவம் வைக்கிற இடத்தில் அவளுக்கு மூன்றே போதும், கனம் அதற்கு மேல் தாங்காது. துணியின் நெய்த ஓரம் பாதப் பக்கம் வரும்படி வெட்டினால் நூல் பிரியாது. இடுப்புப் பக்கத்து ஓரத்தை அரை சென்டிமீட்டர் உள்ளே மடித்துத் தேய்த்துவிடுங்கள்.

முதலில் ரவிக்கை. பனியன் துணியில் 1.2 சென்டிமீட்டர் அகலப் பட்டையைக் கழுத்துக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு சுற்றுச் சுற்றி முதுகில் ஒட்டுங்கள். கைக்கு ஒரு சென்டிமீட்டர் சதுரத்தை உருட்டிவிட்டால் போதும். உள்பாவாடை வேண்டவே வேண்டாம்.

இடுப்புக் குழிவைச் சுற்றி மெல்லிசாகப் பசை. அவளுடைய வலது இடுப்பில் துணியின் தலைப்பை வைத்து, முன்பக்கமாக இடப்பக்கம் கொண்டு போய், முதுகு வழியாக ஒரு முழுச் சுற்று. அது 4 சென்டிமீட்டர் எடுக்கும். முன்னால் வந்ததும் ட்வீசரால் முக்கால் சென்டிமீட்டர் மடிப்பு மூன்று வையுங்கள், ஒன்றின் மேல் ஒன்று ஒரு நூல் விலகி. இந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் செய்யுங்கள். மூன்றையும் சேர்த்து இடுப்பில் அமுக்கி ஒரு கிளிப் போட்டு, பத்து நிமிடம் கையை எடுத்துவிடுங்கள். பசை பிடிக்கும் முன்பே அடுத்த சுற்றுக்குப் போனால் கொசுவம் விசிறி மாதிரி விரிந்துவிடும். புதிதாகச் செய்கிறவர்களின் புடவை கெடுவது பெரும்பாலும் இந்தப் பத்து நிமிட அவசரத்தில்தான்.

பிறகு மீதித் துணியை மறுபடியும் இடப்பக்கம் கொண்டு போய், முதுகு சுற்றி வலது கைக்கு அடியில் எடுத்து, மார்பின் குறுக்கே ஏற்றி, இடது தோளில் போட வேண்டும். குறுக்கே ஏறும்போது அகலத்தை நான்காக மடித்து 1 சென்டிமீட்டர் பட்டையாக்கிக்கொள்ளுங்கள். தோளில் ஒரு துளிப் பசை. முந்தானை முதுகில் தானாக விழட்டும், அதை ஒட்ட வேண்டாம். இடுப்பில் அதே நிற நூலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்துவிட்டால் எல்லாம் நிற்கும்.

வயதான பொம்மை செய்தால் பின்கொசுவம் வையுங்கள். என் அம்மாயி கடைசி வரைக்கும் அப்படித்தான் கட்டினார். முன்பக்கம் மட்டமாக இருக்கும், கொசுவம் முதுகுப் பக்கம் இடுப்பிலிருந்து வெளியே விரிந்து நிற்கும். நடந்து போகும்போது அது மட்டும் தனியாக ஆடும். பொம்மைக்கு முழுத் துணியிலேயே இதைச் செய்வது கஷ்டம். 3 சென்டிமீட்டர் நீளத் துண்டு ஒன்றைத் தனியாக மடித்து, பின் இடுப்பில் மேல் நுனி வெளியே தெரிகிற மாதிரி செருகி ஒட்டுங்கள். தலைக்குக் கறுப்பு நூலோடு கொஞ்சம் வெள்ளையும் கலந்துவிடுங்கள்.

மடிப்பு விறைப்பாக நிற்பதற்கு நம் வீடுகளில் சோற்றுக் கஞ்சிதான் பழக்கம். பொம்மைக்கு நானும் இரண்டு வருஷம் கஞ்சி போட்டேன். எடுத்து வைத்த பெட்டியைத் திறந்தபோது ராமபாணப் பூச்சி கொசுவத்தை எல்லாம் அரித்திருந்தது. கஞ்சி அதற்குத் தீனி. இப்போது ஒரு பங்கு ஃபெவிகாலை நாலைந்து பங்கு தண்ணீரில் கரைத்து, துணியை நனைத்துக் காய வைத்து, மேலே ஒரு காகிதம் போட்டுத் தேய்த்துவிட்டு அப்புறம்தான் வெட்டுகிறேன். அதே காரணத்துக்காகத்தான் ரவை, ஜவ்வரிசி, கடுகு என்று சாப்பிடுகிற எதையும் நகையாகவும் பூவாகவும் ஒட்டக் கூடாது என்று சொல்வேன். எறும்புக்கு அது கல்யாண விருந்து.

தலைமுடியும் பூவும்

கறுப்பு எம்பிராய்டரி நூலில் 14 சென்டிமீட்டர் இழைகள் இருபது. நடுவில் ஒரு முடிச்சு, அது வகிடு. தலை உச்சியில் பசை தடவி வகிட்டை வைத்து, இரண்டு பக்கமும் காதை மூடி இறக்கி, பின்னால் சேர்த்துப் பின்னுங்கள். சடையாக விடலாம், கொண்டையாகச் சுற்றலாம். பூவுக்கு வெள்ளை நூலில் நெருக்க நெருக்கமாக முடிச்சுப் போட்டு, நடுநடுவே பச்சை நூலை ஓட்டுங்கள். 2 சென்டிமீட்டர் நீளத்துக்கு முடிந்தால் சத்தியமங்கலத்து மல்லிகைச் சரம் மாதிரியே இருக்கும்.

ஆண் பொம்மைக்குப் பழைய வேட்டியில் மெல்லிய இடம் பார்த்து 9 சென்டிமீட்டருக்கு 4.5 போதும். உருமாலைக்குப் பனியன் துணியில் அரை சென்டிமீட்டர் பட்டையை இழுத்தால் அதுவே சுருண்டு கயிறு மாதிரி ஆகும். அதை மூன்று சுற்று, ஒரு நுனியை மட்டும் மேலே விடுங்கள். கல்யாணத் தொகுதி செய்ய நினைத்தால் மாப்பிள்ளை, பெண்ணோடு, சடங்குகளை நடத்தி வைக்கிற அருமைக்காரரையும், இணைச்சீர் என்ற சடங்கைச் செய்கிற நாத்தனாரையும் மறக்காதீர்கள். அவர்கள் இல்லாமல் நம் பக்கத்துக் கல்யாணம் ஆகாது.

நிற்க வைப்பது

போன கோடை லீவில் எதிர்வீட்டுப் பாப்பா அழுகிற குரலில் வந்து நின்றாள். "அத்தை, நிக்கவே மாட்டேங்குதுங்க. சாஞ்சு சாஞ்சு உழுகுது." கையில் பொம்மை அழகாக இருந்தது. காலுக்குக் கீழே அட்டை வெட்டி ஒட்டியிருந்தாள். "அழுகாத கண்ணு, அட்டைக்குக் கனம் பத்தாது. அடியில கனமா வெக்கோணும்" என்று சொல்லி மூடியை எடுத்துக் கொடுத்தேன்.

கிளிப்பின் வால் மெலிந்தது, அதனால் தனியாக நிற்காது. எம்-சீலின் இரண்டு பாகத்தையும் ஒரே நிறம் ஆகும் வரை பிசைந்து, வாய் மேலே பார்க்க வைத்த சோடா மூடிக்குள் நிரப்பி, காலை அரை சென்டிமீட்டர் அழுத்திச் செருகுங்கள். கால் நுனியில் துணி சிக்கக் கூடாது, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். சில மணி நேரத்தில் கல்லாகிவிடும். எம்-சீலைப் பிசைவது பெரியவர்கள் வேலை, கையுறை போட்டுக்கொள்வது நல்லது. மூடியின் ஓரத்தை மண் நிறத்தில் பூசிவிட்டால் தெரியாது.

இதைப் புடவை கட்டிய பிறகு செய்வதா, முன்பா? நான் பின்னாடிதான் செய்கிறேன். கட்டும்போது பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பிடிக்க வேண்டியிருக்கும், அடியில் கனம் இருந்தால் கை வலிக்கும்.

கும்மி வட்டம்

வள்ளியும் முருகனும் சேர்ந்த கதையைப் பாடிக்கொண்டே ஆடுகிற வள்ளிக் கும்மி நம் கோயில் திருவிழாக்களில் இப்போது மறுபடியும் நிறைந்திருக்கிறது. மேட்டுப்பாளையம் பக்கத்துக் கலைஞர் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்த பெரியவர் அவர். கூட்டமாக ஆடும்போது எல்லாரும் ஒரே நிறப் புடவை கட்டியிருப்பார்கள், அடி மாறாமல் ஒன்றாகக் குனிந்து ஒன்றாக நிமிர்வார்கள். பொம்மையிலும் அந்த ஒன்றாக என்பதைக் கொண்டுவர வேண்டும்.

எட்டுக்கும் ஒரே புடவையிலிருந்து துணி எடுங்கள். 18 சென்டிமீட்டர் விட்டத்துக்குப் பிளைவுட் பலகையில் வட்டம் போட்டால் ஒரு பொம்மைக்கு 7 சென்டிமீட்டர் இடம் வரும், கைகள் ஒன்றோடொன்று இடிக்காது. காலை எம்-சீலில் செருகும்போது நேராக நிறுத்தாமல் வட்டத்தின் நடுவைப் பார்த்து லேசாகச் சாய்த்துவிடுங்கள். எட்டும் ஒரே அளவு சாய வேண்டும். அட்டையில் ஒரு முக்கோணம் வெட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் அதில் சாய்த்து அளந்தால் பிசகாது. சாய்வு வந்ததும் நின்றுகொண்டிருந்த பொம்மைகள் ஆடத் தொடங்கிவிடும், நீங்களே பாருங்கள்.

அப்புறம் கை. எல்லாருக்கும் ஒரே மாதிரி வளைத்தால் அச்சு வார்த்தது போல இருக்கும். நான்கு பேருக்கு இரண்டு உள்ளங்கையும் முகத்துக்கு முன்னால் தட்டுகிற மாதிரி. அடுத்தடுத்து நிற்கிற மற்ற நான்கு பேருக்குத் தட்டி முடித்து விரிகிற மாதிரி. செம்புக் கம்பி என்பதால் இதையெல்லாம் கடைசியில் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம். ஒருத்தி மட்டும் வரிசையில் பக்கத்துப் பெண்ணின் காலைப் பார்த்து ஆடுகிறவளாக இருக்கட்டும். தலையைத் திருப்ப முடியாது, அதனால் மூடியோடு பொம்மையையே கொஞ்சம் திருப்பி ஒட்டினால் போதும். புதிதாகச் சேர்ந்த பெண் அவள்.

நடுவில் உருமாலை கட்டிப் பாட்டுச் சொல்கிற ஆசிரியரை நிறுத்துங்கள். பலகையின் மேல் பழைய பவானி ஜமக்காளத்தில் ஒரு துண்டை விரித்து ஒட்டினால் தரை ஆயிற்று. புடவைக்கு ஆகாது என்று ஒதுக்கிய அதே கனம் இங்கே பொருத்தமாக உட்காரும்.

கொலு முடிந்ததும் பொம்மைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு வைக்காதீர்கள், கொசுவம் நசுங்கிவிடும். ஒவ்வொன்றையும் காகிதத்தில் உருட்டி, அட்டைப் பெட்டியில் நிறுத்தி வைத்து, நிழலில் காய்ந்த வேப்பிலை ஒரு கைப்பிடி போடுங்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் எட்டாத அட்டாலியில் பெட்டி இருக்கட்டும். கழற்றிய கம்பிச் சுருளை எல்லாம் ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள். கொடியில் இருக்கிற கிளிப்புக்குக் கம்பி துருப்பிடிக்கும்போது மாற்றிக்கொள்ளலாம்.